கத்திரி வெயில்: மொட்டை மாடி முதல் இன்சுலின் வரை

மேல்மாடி வீடு. பகலைவிட இரவு ஒன்பது மணிக்குத்தான் அறை கொதிக்கிறது. சுண்ணாம்பு அடித்தால் குறையுமா? (பெரம்பூர்)

குறையும். காங்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய வெயிலைச் சில மணி நேரம் கழித்துத்தான் கீழே இறக்கும். அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகு சீலிங் சுடுகிறது. சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றினால் ஓரளவு குளிரும். ஆனால் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அது கட்டுபடியாகாது, விரிசல் இருந்தால் ஒழுகவும் செய்யும். வெயிலைத் தளம் வாங்காமல் திருப்பி அனுப்ப வெள்ளைப் பூச்சுதான் வழி.

தூசி, பாசி போகத் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்துவிடுங்கள். நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டிப் பால் பதத்துக்குக் கரையுங்கள். 5 கிலோவுக்கு அரை கிலோ ஃபெவிகால் போதும். தளத்தை நனைத்துவிட்டு, மாலை 5 மணிக்கு மேல் அடியுங்கள். மறுநாள் காலை லேசாகத் தண்ணீர் தெளித்து, மாலையில் அடுத்த பூச்சு. மொத்தம் மூன்று. உச்சி வெயிலில் அடித்தால் இறுகுமுன் காய்ந்து, காலில் மாவாக ஒட்டும். கெட்டியாக அடித்தால் பொருக்குப் பொருக்காக உரியும். கண்ணில் தெறித்தால் புண்ணாக்கிவிடும், கண்ணாடி போடாமல் யாரையும் வேலைக்கு விடாதீர்கள். மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை முதல் மழைக்கு வெளியே திருப்பிவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பூச்சு கரைந்திருக்கும், அடுத்த கோடைக்கு மறுபடி அடிக்க வேண்டும்.

ஏர்கூலர் வாங்கலாமா? (திருவான்மியூர்)

வேண்டாம். தண்ணீர் ஆவியானால்தான் கூலர் குளிர்விக்கும். ஏற்கெனவே ஈரமான கடல்காற்றில் அது அதிகம் ஆவியாகாது, அறையில் புழுக்கம்தான் ஏறும். வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே கணக்குதான். மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று அடிக்கும் முற்பகலில் நனைத்துக் கட்டுங்கள், கடல்காற்று வந்ததும் சுருட்டிவிடுங்கள்.

ஜன்னலுக்கும் கடல்காற்றுதான் கடிகாரம். அது வரும்வரை ஜன்னலைச் சாத்தி, வெயில் விழும் பக்கம் வெளிப்புறமாக மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். உள்ளே போடும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டைத்தான் தடுக்கப் பார்க்கும். காற்று திரும்பியதும் கிழக்கு ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு வழியும் விடுங்கள். கடல்காற்று தாமதமாகும் நாளில்தான் சென்னை கடுமையாகக் காயும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது.

ஃபேன் ஐந்தில் வைத்தும் மெதுவாகச் சுற்றுகிறது. (வில்லிவாக்கம்)

எல்லா ஃபேனும் அப்படியென்றால் லோ வோல்டேஜ். ஒன்று மட்டுமென்றால் பெரும்பாலும் கண்டென்சர் தளர்ந்திருக்கும். மெயினை அணைத்து, மேல் கப்பை இறக்கினால் தெரியும். சாதாரண சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும். பழையதில் அச்சிட்ட அதே அளவையே வாங்கிப் போடச் சொல்லுங்கள். வேகம் கூடட்டும் என்று பெரிதாகப் போட்டால் காயில் சூடேறிக் கருகும்.

அடிக்கடி கரண்ட் போகிறது. இன்சுலினை எங்கே வைப்பது? (ஆவடி)

பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும், ஃபிரீசர் பக்கம் போகக்கூடாது. உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கரண்ட் இல்லாதபோது, தண்ணீர் உள்ளே போகாதபடி டப்பாவில் மூடி, பாதி தண்ணீர் உள்ள மண்பானைக்குள் மிதக்கவிடுங்கள். பானை நிழலில், காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு 74 வயது, பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். ஓஆர்எஸ் கொடுக்கலாமா? (அயனாவரம்)

தினமும் தாகத்துக்குக் கொடுக்கும் பானம் அல்ல அது, அதில் உப்பு இருக்கிறது. தண்ணீரின் அளவையும், கோடைக்கு மாத்திரையை மாற்ற வேண்டுமா என்பதையும் அவருடைய டாக்டரிடம் இப்போதே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ ஆளைத் தெரியாமல் விழித்தாலோ அது வெப்ப அதிர்ச்சி. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போடுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.