ஈயம் ஏறிய நிலத்தில் ஈடிடிஏ என்ற, உலோகத்தைப் பிடித்திழுக்கும் மருந்தை ஊற்றிக் கழுவினால், மிச்ச மருந்தை மண்ணில் உள்ள பாக்டீரியா தின்றுவிடுமா?

கும்பகோணம் பக்கம், பித்தளைப் பட்டறையை ஒட்டிய நிலம் என்கிறீர்கள். அப்படியானால் ஈடிடிஏ ஊற்றி மண்ணைக் கழுவித் தருகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஆள்தான், இல்லாவிட்டால் அவரைப் போன்ற ஒருவர், உங்களிடமும் வந்திருப்பார்.

எங்கள் கொல்லை நாச்சியார்கோயிலில், மூடிக் கிடக்கும் ஒரு வார்ப்புப் பட்டறைக்குப் பின்னால். மண்வெட்டியைப் போட்டால் கரியும், உலோகம் உருக்கி உடைந்த மூசையும், பச்சை பூத்த உலோகத் துணுக்கும் வரும். காசு கட்டிப் பரிசோதித்தோம். செம்பும் ஈயமும் அதிகம். "ஒரே பருவத்துல சுத்தமாயிடும் சார்" என்றார் வந்தவர். கழுவின தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். "உள்ளயே இறங்கிடும், பாக்டீரியா சாப்பிட்டுடும்" என்றார். எங்கள் அடிபம்பு அங்கிருந்து நாலு எட்டுதான். அனுப்பிவிட்டோம்.

பாக்டீரியா தின்பது மருந்தை, உலோகத்தை அல்ல. ஈடிடிஏவின் வேலையே ஈயத்தைப் பிடித்துத் தண்ணீரில் கரைய வைப்பது. அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கால்சியம், மக்னீசியம் ஒட்டிய ஈடிடிஏவைத் தின்பவை, செம்பும் நிக்கலும் இறுகப் பிடித்ததை லேசில் தொடுவதில்லை. அப்புறம், அவற்றின் நொதி முதல் வெட்டு வெட்டவே ஆக்சிஜன் வேண்டும். சம்பா முழுக்கத் தண்ணீர் நிற்கும் நஞ்சைச் சேற்றில் காற்று ஏது? அவை தின்று முடிப்பதற்குள் கரைந்த ஈயம் ஊற்று நீருக்கு இறங்க வழி கிடைத்துவிடும். இதே வேலைக்கு ஈடிடிஎஸ் என்று இன்னொரு மருந்து உண்டு, அது சில நாட்களிலேயே பாதியாகச் சிதையும். சரி, சிதைந்த பின் அது விட்ட உலோகம்? மண்ணிலேயேதான் இருக்கும்.

மண்ணியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மண்ணைத் தோண்டித் தொட்டியில் கழுவி, அந்த நீரையும் பிடித்துச் சுத்திகரிப்பதை நான் குறை சொல்லவில்லை. வயலில் நேராக ஊற்றுவதைத்தான் சொல்கிறேன். பயிருக்குத் துத்தநாக ஈடிடிஏ தெளிக்கிறோமே என்றால், அது ஏக்கருக்குக் கிராம் கணக்கு; மண்ணைக் கழுவ மூட்டை மூட்டையாக வேண்டும்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. அரசு தரும் மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன. ஈயமும் காட்மியமும் அதில் இல்லை. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் கொள்முதலில் மூட்டையைத் தொடமாட்டார்கள். அந்த நெல் விளைந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நாம்தான் கைக்காசு போட வேண்டும்.

முதலில் உங்கள் அடிபம்புத் தண்ணீரை ஈயத்துக்குப் பரிசோதியுங்கள். ஈயம் ஏறிய அந்த இடத்தில் கீரையும் கிழங்கும் போடாதீர்கள். நாங்கள் பூச்செடிதான் வைத்திருக்கிறோம்.