முள், காற்று, கால்வாய்க்கரை: சைக்கிள் கேள்விகளுக்குப் பதில்

ஆனி பிறந்துவிட்டால் வருகிற கேள்விகளில் பாதி காற்றைப் பற்றி, மீதி முள்ளைப் பற்றி. இந்த முறையும் அப்படித்தான். நடுவே நாலைந்து வேறு கேள்விகளும் வந்திருக்கின்றன.

அண்ணாச்சி, ஆலங்குளத்துலருந்து பாவூர்சத்திரத்துக்கு தினமும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன். இந்த மாசம் காத்துல மிதிக்கவே முடியல. கியர் சைக்கிள் வாங்குனா சரியாயிருமா?

செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்குகிற தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நேர் எதிரே போகிறீர்கள். உங்கள் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்துதான் நெஞ்சில் மோதும். அது இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதனால் வழக்கமான வேகத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று நினைக்கவே கூடாது. பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். முழங்கையை மடக்கி உடம்பைத் தாழ்த்துங்கள். படபடக்கும் தொளதொளச் சட்டை வேண்டாம்.

கியர் உதவும், ஆனால் அதற்காகப் புது வண்டி தேவையில்லை. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தை, அதாவது ஃப்ரீவீலை, இரண்டு மூன்று பல் கூடுதலானதாக மாற்றித் தரச் சொல்லுங்கள். செயினில் கண்ணி சேர்க்க வேண்டி வரலாம், செலவு சிறியதுதான். மிதி இலேசாகும், கால் சீராகச் சுற்றும். சாயங்காலம் இதே காற்று முதுகில் தள்ளும்போது வண்டி நீங்கள் நினைப்பதைவிட வேகமாகப் போகும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பணகுடி, ராதாபுரம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். அங்கே காற்று பக்கவாட்டில் அடிக்கும். லாரி உங்களைத் தாண்டும்போது ஒரு நொடி காற்று நிற்கும், தாண்டியதும் மறுபடி அறையும். அந்த நேரத்தில்தான் ஹேண்டில்பார் இழுபடும். லாரிச் சத்தம் கேட்டதுமே இரண்டு கையாலும் பிடியுங்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

வாரத்துக்கு ரெண்டு பஞ்சர். கடைக்காரர் ஒட்டித் தாரார், மறுநாளே காத்து போயிருது. டியூபே சரியில்லையா?

டியூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள். சீமைக்கருவேல முள் டயருக்குள் போய் முனை ஒடிந்து நிற்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒட்டிய டியூபை மாட்டியதும் அதே முனை மறுபடி குத்தும். பழைய பருத்தித் துணியை டயருக்குள் விட்டு முழுச்சுற்றும் மெதுவாகத் தடவினால், முனை இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். குறட்டால் பிடுங்கிவிட்டுப் பிறகு டியூபை மாட்டுங்கள். வால்வு இருக்கும் இடத்தை வைத்து டயரையும் டியூபையும் பொருத்திப் பார்த்தால், ஓட்டை எங்கேயோ முள்ளும் அங்கேதான்.

போகும் வழியில் முள் ஏறியது தெரிந்து, டயரில் காற்று இறங்காமல் இருந்தால், உடனே பிடுங்காதீர்கள். அந்த முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். வீடு வரை வரட்டும்.

பழைய டியூபை நீளவாக்கில் அறுத்து டயருக்குள் பட்டையாக வைப்பது நம் ஊர்க் கடைகளில் பழைய வழக்கம். வண்டி கொஞ்சம் கனக்கும், நெருஞ்சிக்கு நன்றாகவே தாங்கும். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்கள், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலண்ட் திரவத்தை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். பாளையங்கோட்டை வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும்.

மகளுக்கு பிளஸ் ஒன்ல அரசு குடுத்த சைக்கிள் சும்மா நிக்கி. அவ காலேஜுக்கு பஸ்ல போறா. நான் ஓட்டலாமா? எனக்கு வயசு 46.

தாராளமாக ஓட்டுங்கம்மா. நின்றுபோன வண்டிக்கு முதலில் டயர் ஓரம் வெடித்திருக்கிறதா பாருங்கள். பிரேக் கம்பியை மாற்றி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் பழைய கிரீஸைத் துடைத்துப் புதுசு வைக்கச் சொல்லுங்கள். சேலையோ துப்பட்டாவோ பின்சக்கரத்தில் சிக்காமல் இருக்கச் செயின் கவரும் பின்சக்கர வலையும் அவசியம், இருந்தால் கழற்றாதீர்கள். கடைத்தெருவுக்கும் ரேஷன் கடைக்கும் இதைவிட நல்ல வண்டி வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை மண்பாதையில ஓட்டணும்னு ஆசை. நெல்லைக்குப் பக்கத்துல எங்க போகலாம்?

இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதலாம். தாமிரபரணி நமக்குத் தந்திருப்பது கால்வாய்க்கரைகள். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய், அரியநாயகிபுரத்தில் பிரியும் கோடகன் கால்வாய், பழவூரில் தொடங்கும் பாளையங்கால்வாய். ஏற்றம் கிடையாது, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், பல இடங்களில் மர நிழல். மலை வண்டிதான் வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் அகலமான டயர் போதும், காற்றை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

கரை பொதுப் பாதை, பந்தயத் தடம் அல்ல. படித்துறையில் பெண்கள் குளிக்கும் இடம் வந்தால் இறங்கி, பார்வையைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது ஊருக்குள் சுற்றிப் போங்கள். ஆடு, வாத்துக் கூட்டத்துக்கு மணியடிக்காதீர்கள், மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவரே ஒதுக்கித் தருவார். அறுவடைக் காலத்தில் களமாகிவிட்ட பாதையில் நெல்லின் மேல் டயர் ஏறவே கூடாது.

மழை பெய்த மறுநாள் மானூர், கங்கைகொண்டான் கரிசல் பக்கம் போகாதீர்கள். அந்த மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் திணிந்து, சக்கரமே சுற்றாமல் செய்துவிடும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடிக்கட்டும். கரிசலை விட்டுவிட்டுச் செம்மண் பக்கம் போனால், திசையன்விளைத் தேரியின், அதாவது செம்மணல் மேட்டின், ஓரப் பாதைகள் அழகு. தேரிக்குள் இறங்கினால் எவ்வளவு அகல டயரும் புதையும், தோளில் தூக்கித்தான் வர வேண்டும். வந்ததும் செயினைத் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். மணலோடு எண்ணெய் சேர்ந்தால் பல்லையெல்லாம் அரித்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பறவை பார்க்க ஆசையிருந்தால் தை, மாசியில் கூந்தன்குளம். விடியுமுன் கிளம்புங்கள்.

முண்டந்துறை காட்டுக்குள்ள சைக்கிள்ல போலாமா? யாரும் பாக்க மாட்டாங்கன்னு கூட்டாளிங்க சொல்றாங்க.

போகக் கூடாது. அது புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சத்தமில்லாமல் வளைவில் திரும்பும் சைக்கிள், யானைக்கோ கரடிக்கோ பக்கத்தில் போன பிறகுதான் தெரியும். சட்டத்தைவிட எனக்கு அந்தப் பயம் பெரிது. உங்கள் கூட்டாளிகளிடமும் சொல்லுங்கள்.

ஓட்ட ஆரம்பிச்சு ஒரு மாசம். முட்டியில முன்பக்கம் வலிக்கி. நிறுத்திரவா?

நிறுத்துவதற்கு முன் சீட்டை உயர்த்திப் பாருங்கள். இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பது இங்கே எல்லாரும் செய்வது. அப்போது முட்டி அளவுக்கு மீறி மடங்கி, முன்பக்கம் வலிக்கும். சுவரைப் பிடித்து உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக இருக்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி இலேசாக மடங்கியிருக்கும், அதுதான் அளவு. ஒரேயடியாக உயர்த்தாமல் விரல்கிடை விரல்கிடையாக ஏற்றுங்கள். முட்டிக்குப் பின்னால் வலி வந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். உயரம் சரியான பிறகும் வீக்கமோ வலியோ இரண்டு வாரம் நீடித்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.