அலுவலகத்தில் சுற்றுச்சூழலுக்கு நல்லதான பழக்கங்களை ஊழியர்களிடம் கொண்டுவருவது எப்படி?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: அலுவலகச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள், உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று எல்லோரும் உறுதிமொழி எடுத்தார்கள், ஒரே மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஊழியர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று கேட்கிறார்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். ஆபீஸ், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 120 பேர். நீங்கள் செய்ததை எல்லாம் நாங்களும் செய்து பார்த்தோம். கடைசியில் கைகொடுத்தது ஒன்றுதான். எந்தப் பழக்கத்தை மாற்றினாலும் அதனால் யாரோ ஒருவருக்கு வேலை கூடும். அவர் யார் என்று பார்த்து, முதலில் அவரிடம் பேச வேண்டும். இது எங்களுக்கு டீ டம்ளரில்தான் புரிந்தது.

எங்களுக்குக் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் டீ வரும். ஒரு நாளைக்கு 240 பேப்பர் கப். மாதம் 26 வேலை நாள் என்றால் 6,240. சாயங்காலம் பேக்கிங் பக்கம் இருக்கும் டிரம் நிறைந்து வழியும், மிச்ச டீயில் ஈ மொய்க்கும். பேப்பர் கப் என்று பேர்தான், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில் இந்தப் பிளாஸ்டிக் பூசிய கப்பும் ஒன்று. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் சோதித்தபோது, அதில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் அதில் கலப்பதாகக் கண்டார்கள். கடையில் இன்றும் கிடைக்கிறது என்பதால் நாங்களும் வாங்கிக்கொண்டே இருந்தோம்.

சரி, நிறுத்திவிடலாம் என்று 120 எவர்சில்வர் டம்ளர் வாங்கினோம். ஒன்று 45 ரூபாய், மொத்தம் 5,400. கப் ஒன்று 70 காசு என்று வைத்தாலே மாதம் 4,300 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கணக்கைக் காட்டியதும் முதலாளி மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டார்.

மூன்றே வாரத்தில் பேப்பர் கப் திரும்பி வந்துவிட்டது. ஊழியர்களுக்கு அக்கறை இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் சாயங்காலம் பின்பக்கம் போனபோது, துப்புரவு வேலை பார்க்கும் அக்கா தரையில் குத்தவைத்து உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பெரிய அன்னக்கூடை நிறைய டம்ளர். குழாய் ஒன்றே ஒன்று, அதுவும் முழங்கால் உயரத்தில். டம்ளர் அடியில் டீத்தூளும் சர்க்கரையும் காய்ந்து பிடித்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிச் சுரண்டி அவர் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

“முந்தியெல்லாம் டிரம்மத் தூக்கிக் கொட்டுனா முடிஞ்சுதுங்க தம்பி. இப்ப காலைல ஒரு தடவ, பொழுதோட ஒரு தடவ. ஆறு மணி பஸ்ஸுக்குப் போயி எத்தன நாளாச்சுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேப்பர் கப் கேட்டவர்களுக்குப் பழைய மூட்டையைப் பிரித்துக் கொடுத்தது அவர்தான். அவர் மேல் தப்பே கிடையாது. டம்ளர் வாங்க நாங்கள் கூட்டம் போட்டுப் பேசியபோது அவரை நான் கூப்பிடவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் அவரிடமே கேட்டோம். நின்றபடி கழுவுகிற மாதிரி சிங்க் வேண்டும், டீத்தூள் காய்வதற்குள் அவரவர் டம்ளரை அவரவர் கழுவிவிட வேண்டும் என்றார். டீ கேன் வைக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே நாலு குழாய் வைத்து சிங்க் போட்டோம். அதோடு செக்கிங்கில் இருக்கும் இன்னொரு அக்கா ஒரு யோசனை சொன்னார்: “சீர்ப் பாத்தரத்துல பேரு வெட்டற மாதிரி இதுலயும் வெட்டிக் குடுத்துருங்க. அப்பறம் யாரும் தொலைக்க மாட்டாங்க.” டம்ளர்களை மூட்டை கட்டிப் பாத்திரக்கடைக்கு எடுத்துப் போனோம். ஒவ்வொன்றிலும் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிக் கொடுத்தார்கள்.

எங்கள் தையல் பிரிவில் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் முப்பது பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை எந்த எழுத்தில் வெட்டுவது என்று கேட்டோம், கடைக்காரருக்குத் தமிழும் இங்கிலீஷும்தான் வரும். பாதிப் பேர் தமிழிலேயே வெட்டச் சொன்னார்கள். ஒரு பையன் தன் டம்ளரைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகி, இப்போது சம்பள ரிஜிஸ்டரில் தமிழில் கையெழுத்துப் போடுகிறான். நாங்கள் ஒட்டிய போஸ்டரெல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் இருந்தன, அதில் ஒரு வரி கூட இந்த முப்பது பேருக்குப் போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உங்கள் இடத்தில் யாருக்கு எந்த மொழி வாசிக்க வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச் சிங்க்கில் முதல் நாள் முதலாளி வந்து டீ குடித்தார், தன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். பேச்சு எதுவும் இல்லை. மறுநாளிலிருந்து மேனேஜர்கள் யாரும் டம்ளரை மேசையில் விட்டுவிட்டுப் போகவில்லை. மேலே இருப்பவர் செய்யாத எதையும் கீழே இருப்பவரிடம் கேட்காதீர்கள், நிச்சயமாக நடக்காது.

குப்பை பிரிப்பதிலும் இதே கதைதான். மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலத் தொட்டி என்று வாங்கி வைத்தோம். கொஞ்ச நாள் எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் போட்டார்கள். ஒரு நாள் கட்டிங் மாஸ்டர் வந்து, “ரெண்டையும் பின்னாடி ஒரே சாக்குலதானுங்க கொட்டறாங்க, நாங்க எதுக்குப் பிரிக்கணும்?” என்று கேட்டார். அவர் சொன்னது உண்மை. துப்புரவு அக்காக்களுக்கு இரண்டாகக் கட்டி இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போவதில் ஒரு லாபமும் இல்லை. வீணாகிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் யாரையும் நம்பவைக்க முடியாது.

துணி வேஸ்ட்டைப் பற்றித் திருப்பூருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டிங் டேபிளுக்குக் கீழே விழும் துண்டுக்கு விலை இருக்கிறது, அது திரும்ப நூலாகவோ மெஷின் துடைக்கும் வேஸ்ட்டாகவோ போகிறது, அதனால் யாரும் அதைத் தெருவில் போடுவதில்லை. அதே போல மற்றக் குப்பைக்கும் விலை வைத்தோம். அட்டைப்பெட்டி, நூல் கோன், பழைய பேப்பர், கிழிந்த பாலிபேக் (துணி போடும் பிளாஸ்டிக் பை) எல்லாவற்றையும் மாதம் ஒரு தடவை பழைய பேப்பர் கடைக்காரர் வந்து எடைபோட்டு எடுத்துக்கொள்கிறார். அந்தப் பணம் கம்பெனிக் கணக்கில் ஏறாது, துப்புரவு அக்காக்கள் மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். இப்போது சோற்றுப் பருக்கையோடு யாராவது பேப்பரை நீலத் தொட்டியில் போட்டால் அவர்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை.

ஏசி விஷயத்தில் 24 டிகிரி என்று ஸ்டிக்கர் ஒட்டியதில் பலன் இல்லை. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேற்கு ஜன்னல் ஓரம் உட்காருபவருக்கு மூன்று மணி வெயில் முதுகில் அடிக்கிறது, அவர் 18 வைக்கிறார். ஏசிக்கு நேர் கீழே இருக்கும் பெண் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கணக்குப் போடுகிறார். ஜன்னலுக்குத் திரை போட்டு, இரண்டு பேரின் இடத்தையும் மாற்றி, சீலிங் ஃபேனையும் சேர்த்துப் போட்டோம். இப்போது 26-ல் ஓடுகிறது. பிரிண்டரில் இரண்டு பக்கமும் அச்சாகும்படி ஒரு தடவை மாற்றி வைத்ததோடு அந்த வேலை முடிந்தது. மரக்கன்றை ஜூன் 5 அன்று நடுவதையும் விட்டுவிட்டோம். எங்கள் ஊருக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான். ஜூனில் நட்டதெல்லாம் காற்றில் காய்ந்துதான் போயின.

இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. நான் நொய்யல் ஆற்றங்கரைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயப்பட்டறைகளின் கழிவுத் தண்ணீர் தேங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இந்த ஊர் பட்ட பாடும் தெரியும். அன்றைக்கு வேலை இல்லாமல் உட்கார்ந்தவர்களில் பலர் பட்டறையில் கூலிக்கு இருந்தவர்கள்தான். அதனால் எங்கள் ஊழியர்களிடம் சுற்றுச்சூழல் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. இதன் விலையை அவர்கள் என்னைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

போன தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் பேக்கிங் பிரிவிலிருந்து நாலைந்து பெண்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். ஒவ்வொரு டி-ஷர்ட்டையும் தனித்தனிப் பாலிபேக்கில்தான் போட வேண்டும் என்பது பையர், அதாவது எங்களிடம் துணி வாங்கும் கம்பெனி, தரும் பேக்கிங் முறை. “டம்ளர மாத்துனீங்க, தொட்டிய மாத்துனீங்க. ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் பை மடிக்கறோம், இத மட்டும் ஏனுங்க கேக்க மாட்டீங்கறீங்க?” என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை உட்காரவைத்து எல்லாப் பையர்களுக்கும் மெயில் எழுதினோம். ஒருவர் மட்டும் ஆறு பீஸுக்கு ஒரு பை போதும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றவர்களிடம் ஒவ்வொரு ஆர்டருக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஷிப்மெண்ட் போகும் நாளெல்லாம் அந்தப் பெண்கள் வந்து, பதில் வந்ததா என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.