மாமாவின் இடது காது

அன்புள்ள ஐயா,

என் தாய்மாமா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். 1987-ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். அந்தப் போரை நான் ஏற்கவில்லை. யாழ் ஆஸ்பத்திரியில் இறந்தவர்களுக்காக ஒவ்வொரு அக்டோபரிலும் முகநூலில் எழுதுகிறேன். படை திரும்பிய மார்ச் 24 அன்று, மாமாவின் செத்துப்போன கூட்டாளிகளுக்காக வீட்டில் விளக்கேற்றுவோம். இந்த வருடம் அந்தப் படத்தையும் போட்டேன். "ரெண்டு பக்கமும் அழுவியா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மாமாவுக்குக் கண்ணிவெடியில் இடது காது போய்விட்டது. 1991-ல் போர்டு அவுட் ஆகி, அதாவது உடல் தகுதி இல்லை என்று மருத்துவ போர்டு வெளியே அனுப்ப, பென்ஷன் இல்லாமல் ஊர் வந்தார். யாரையும் குறை சொல்லமாட்டார். போரை எதிர்த்துக்கொண்டே படைவீரனை ஆதரிக்க முடியுமா?

கார்த்திக், வேலூர்

அன்புள்ள கார்த்திக்,

முடியும். விளக்கை ஏற்றுங்கள், அக்டோபர் பதிவையும் எழுதுங்கள். 1987 அக்டோபர் 11 இரவு யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் 13-வது சீக் லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினார்கள். 29 பேர் அங்கேயே செத்தார்கள், ஒருவர் புலிகளிடம் பிடிபட்டார். பத்து நாள் கழித்து, தீபாவளியன்று, யாழ் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் ஊழியர்களுமாக 60 பேருக்கு மேல் அமைதிப்படையால் சுடப்பட்டு இறந்தார்கள். மூன்று டாக்டர்களும் அதில் உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்தான் அந்தப் போரைப் பற்றிப் பேசத் தகுந்தவர். ஆஸ்பத்திரியில் சுட்டவனை ஆதரிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. அவன் மீது விசாரணை வேண்டும் என்பதும் உங்கள் மாமாவுக்கு உரியது கிடைக்கவேண்டும் என்பதும் முட்டிக்கொள்வதே இல்லை. முகநூல் நண்பர்களை விடுங்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது நேர விரயம்.

என்னை உறுத்துவது வேறு. கடிதத்தில் நண்பர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன பதிவு போட்டீர்கள் என்று அத்தனை வரி. மாமாவின் காதுக்கு ஒன்றே ஒன்று. கண்ணிவெடியில் காது போன ஒருவர் பென்ஷன் இல்லாமல் வந்தார் என்று எழுதிவிட்டு, அது ஏன் என்று கேட்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டீர்கள். 30 வருடத்துக்கு மேலாக உங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லையா? அவர் குறை சொல்லமாட்டார், சரி. அவருக்காக நீங்கள் சொல்லலாம் அல்லவா?

என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். இப்படிப்பட்ட கோப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். வெடி வெடித்ததும் காதில் ரத்தம் வந்திருக்கும். காலை இழந்தவனும் வயிறு கிழிந்தவனும் பக்கத்தில் கிடக்கும்போது, காதில் பஞ்சு வைத்து ஆளைத் திரும்ப அனுப்பிவிடுவார்கள். செவிப்பறைக் கிழிசல் பெரும்பாலும் ஆறிவிடும். உள்காது நரம்பில் பட்ட அடி பல நேரம் ஆறாது, இரைச்சலாகத் தொடங்கி வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போகலாம். காயம்பட்ட அன்று யூனிட் எழுதியிருக்கவேண்டிய ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 என்ற காய அறிக்கையை அந்தக் களேபரத்தில் யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். நாலு வருடம் கழித்து சண்டை இல்லாத ஏதோ ஓர் அமைதிப் பகுதி ராணுவ மருத்துவமனையில் மருத்துவ போர்டு உட்காரும். முன்னால் இருக்கும் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவத்தில் காய அறிக்கை எண் இல்லை, வேலை பார்க்கும் இடமோ அமைதிப் பகுதி. ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை "நானா" என்பார்கள். அந்த நாலெழுத்து விழுந்தால் ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடையாது. சாதாரண ஓய்வூதியத்துக்கு ஜவானுக்கு 15 வருடப் பணி வேண்டும். போர்டு அவுட் ஆனவருக்கு 10 வருடம் போதும்; அதுவும் முடியாமல் வந்திருந்தால் அதுவும் போச்சு.

இந்த "நானா" கல்வெட்டு அல்ல. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் சிக்னல்ஸ் படைப்பிரிவுக்காரர். 1985-ல் சேர்ந்து, 1994-ல் வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்டவர். பிறவிக்கூறு என்று போர்டு எழுதியிருந்தது. சேரும்போது உடம்பில் குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ளவேண்டும்; நோய் பணியால் வரவில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு; போர்டு காரணம் எழுதவேண்டும், காரணமில்லாத ஒற்றை வரி செல்லாது. இதுதான் தீர்ப்பு. 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில், போர்டு அவுட் செய்யும் அளவுக்கு ஊனம் என்றால் அது 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ளவேண்டும் என்றார்கள். போர்டு அவுட் ஆனவருக்கு 50-க்குக் கீழுள்ள ஊனம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் கணக்கிடப்படும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 50 சதவீதமாகக் கணக்கிடப்பட்ட ஊனம் வெறுமனே "பணியால் வந்தது" என்று ஏற்கப்பட்டால், ஓய்வூதியத்தில் ஊனத்துக்கான பங்கு, அதாவது ஊனக்கூறு, கடைசிச் சம்பளத்தில் 15 சதவீதம். எதிரி வைத்த கண்ணியால் வந்த போர்க்காயம் என்று ஏற்கப்பட்டால், போர்டு அவுட் ஆனவருக்கு அதுவே 50 சதவீதம். இரண்டிலும் பணி செய்ததற்கான பணிக்கூறு தனி. இந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு காகிதம்: "பேட்டில் கேஷுவாலிட்டி" (போரில் அடிபட்டவர்) என்று யூனிட் வெளியிட்ட பார்ட் 2 ஆர்டர் என்ற பதிவு.

ஆகவே மாமாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்கள். வெளியேறிய காரணம், மருத்துவ வகை இரண்டும் அதில் இருக்கும். மருத்துவ வகையைக் குறிக்கும் ஷேப் (SHAPE) என்ற ஐந்து ஆங்கில எழுத்தில் எச் என்பது காது. அதன் பக்கத்தில் என்ன எண் என்று பாருங்கள். பிறகு வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீஸுக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஆர்.டி.ஐ. போடுங்கள். மாமா கையெழுத்தில் போகட்டும். நீங்கள் போட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று திருப்பிவிடுவார்கள். "எல்லா ஆவணமும் வேண்டும்" என்று எழுதாதீர்கள். போர்டு நடவடிக்கை, காய அறிக்கை, பார்ட் 2 ஆர்டர், லாங் ரோல் என்ற பெயர்ப் பதிவேடு என்று எண் போட்டுத் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும்.

வரும் பதில் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: ஆவணங்கள் அழிக்கப்பட்டன. பென்ஷன் இல்லாதவர்களின் கோப்பை 25 வருடம்தான் வைப்பார்கள். இங்கேதான் பலர் மனம் விட்டுப்போய் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். லாங் ரோலை அழிப்பதில்லை. அதில் பெயர், எண், வெளியேறிய காரணம் இருக்கும். எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி அழித்தீர்கள் என்று மறுபடி கேளுங்கள். அதே வெடியில் அடிபட்ட கூட்டாளி யாராவது பென்ஷன் வாங்குகிறாரா? அவருடைய பேப்பரில் தேதியும் இடமும் இருக்கும். மாமாவோடு விளக்கேற்றும்போது உச்சரிக்கிற பெயர்களுக்கு உரியவர்களின் குடும்பத்தாரிடம் கேட்டாலே தெரியலாம். இன்றைக்கு எடுக்கும் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) 1987-க்கு ஆதாரம் ஆகாது, ஆனாலும் எடுத்து வையுங்கள். மறு போர்டு வைத்தால் உதவும்.

இவற்றை வைத்து ரெக்கார்டு ஆபீஸுக்கு மனு. மறுத்தால் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனுவும் சேர்த்துப் போடவேண்டும். நிலுவை பொதுவாக மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும்தான். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் மாமா கையிலிருந்து ஒரு மாதப் பணம் போகிறது. இன்னொன்று: அத்தையின் பெயர் ராணுவ ஆவணத்தில் சரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள். ஆதாரில் ஓர் எழுத்து, பழைய கோப்பில் வேறெழுத்து என்றிருந்தால், மாமாவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் அங்கேதான் சிக்கும். அவர் இருக்கும்போதே திருத்துவது சுலபம்.

1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவர் போகாதது சரியா தவறா என்று இன்றும் சண்டை போடுகிறோம். கிட்டத்தட்ட 1,200 பேர் செத்து, சுமார் 3,000 பேர் காயம்பட்ட படை அது. இறங்கியவர்களை வரிசையில் நிறுத்தி, காதில் டார்ச் அடித்துப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு காய அறிக்கை எழுத நாலு மேசை போட்டிருக்கலாம். போரை எதிர்த்தவர்களும் கேட்கவில்லை, மாலையோடு போனவர்களும் கேட்கவில்லை.

டிஸ்சார்ஜ் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும், காலிப் பக்கம் உட்பட, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மை மங்கியிருந்தால் ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். ஆர்.டி.ஐ. எழுதுமுன் ஆர்மி நம்பரை மாமாவிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி ஒத்துப்பாருங்கள். வலது காதுப் பக்கம் உட்கார்ந்து கேளுங்கள்.