தோனியின் பத்தாவது சதம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரி வினாடி வினாவில் 'ஒருநாள் போட்டிகளில் இந்தியாவுக்காகத் தோனி அடித்த சதங்கள் எத்தனை?' என்று கேட்டிருந்தேன். என் விடைத்தாளில் 10. ஒரு மாணவர் 9 என்று எழுதிவிட்டு விடாப்பிடியாக நிற்கிறார். மிச்சம் ஒன்று ஆசிய லெவனுக்காக அடித்ததாம். அப்படியானால் அது கண்காட்சி ஆட்டம்தானே, அதை எதற்கு எண்ணுகிறார்கள்? அதைக் கழித்தால் சராசரி எவ்வளவு குறையும்?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

மாணவர் சொன்னதுதான் சரி. 10 என்பதும் பொய்யான எண் இல்லை; 'இந்தியாவுக்காக' என்ற ஒரு சொல் உங்களைக் கவிழ்த்துவிட்டது.

ஆனால் அது கண்காட்சி ஆட்டம் இல்லை. லெவன் என்பது பல நாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்து அமைக்கும் அணி. ஆடவர் கிரிக்கெட்டில் இப்படிப்பட்ட கூட்டணிகள் ஆடி, ஐசிசியின் (சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின்) அதிகாரப்பூர்வ ஒருநாள் போட்டி அந்தஸ்து பெற்றவை மொத்தமே பத்து. சுனாமி நிவாரண நிதிக்காக 2005 ஜனவரி 10 அன்று மெல்போர்னில் உலக லெவனும் ஆசிய லெவனும் ஆடியது முதலாவது. அதே ஆண்டு ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க–ஆசியக் கோப்பை, மூன்று ஆட்டங்கள். அக்டோபரில் மெல்போர்ன் டாக்லாண்ட்ஸ் அரங்கில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலக லெவன், மூன்று. ஆஸ்திரேலியா மூன்றிலும் சாத்தி எடுத்தது. கடைசியாக 2007 ஜூனில் மறுபடி ஆப்பிரிக்க–ஆசியக் கோப்பை: பெங்களூரில் ஒன்று, சேப்பாக்கத்தில் இரண்டு. 2017இல் லாகூரிலும் 2018இல் லார்ட்ஸிலும் உலக லெவன் ஆடியது டி20. அவற்றை இங்கே சேர்க்கக் கூடாது. ஒருநாள் போட்டிகளில் சேவாக் ஆடியது 251, இந்தியாவுக்காக 241. இருந்த பத்திலும் மனிதர் ஆடியிருக்கிறார்!

உங்கள் சதம் 2007 ஜூன் 10, சேப்பாக்கம். ஐந்து விக்கெட் போன பிறகு ஏழாவதாக இறங்கிய தோனி 97 பந்தில் 139, ஆட்டமிழக்கவில்லை. எதிர்முனையில் இலங்கையின் ஜெயவர்தனே 107. ஆறாவது விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்த 218 அன்றைக்கு உலக சாதனை. 2015இல் டுனெடினில் நியூசிலாந்தின் எலியட்டும் ரோங்கியும் 267 எடுத்து அதைத் தாண்டினார்கள். அந்த 218ஐ இந்தியப் பட்டியலிலும் இலங்கைப் பட்டியலிலும் தேடினால் கிடைக்காது. அது ஆசிய லெவனின் சொத்து.

இனி சராசரி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தோனியின் மொத்தக் கணக்கு 350 ஆட்டம், 297 இன்னிங்ஸ், 84 முறை ஆட்டமிழக்கவில்லை (அதாவது ஆட்டமிழந்தது 213 முறை), 10,773 ரன். ஆசிய லெவனுக்கு மூன்று இன்னிங்ஸ், 174 ரன்; அது போக மிச்சம் 10,599. மூன்று இன்னிங்ஸைக் கழிக்கிறோமே என்று வகுக்கும் எண்ணிலும் மூன்றைக் கழித்து 210ஆல் வகுத்தால் 50.47 வரும். தவறு. சராசரிக்கு வகுப்பது இன்னிங்ஸால் அல்ல, ஆட்டமிழந்த தடவைகளால். அந்த 139இல் அவர் ஆட்டமிழக்கவில்லை. ஆக மூன்று இன்னிங்ஸில் அவுட் ஆனது இரண்டே முறை. 213இல் இரண்டு போனால் 211. 10,599ஐ 211ஆல் வகுத்தால் 50.23. மொத்தச் சராசரி 50.57. வித்தியாசம் 0.34தான், ஆனால் வினாடி வினாவில் அதற்கும் சண்டை வரும்.

இன்னொரு குழி, புள்ளிவிவரத் தளங்களில் வடிகட்டும் விதம். 'லெவன் ஆட்டங்களை எல்லாம் நீக்கு' என்று மொத்தமாகத் தள்ளிவிட்டால் கில்கிறிஸ்டின் ஒரு சதம் காணாமல் போகும். 2005 அக்டோபரில் உலக லெவனுக்கு எதிராக 103 அடித்தபோது அவர் போட்டிருந்தது ஆஸ்திரேலியச் சட்டை. அது ஆஸ்திரேலியக் கணக்கில் முழுசாக நிற்கும். அவர் உலக லெவனுக்கு ஆடியது சுனாமி ஆட்டம் ஒன்றில்தான்; எடுத்தது 24. ஆகவே எதிரணியைப் பார்த்து வடிகட்டாதீர்கள், ஆட்டக்காரர் எந்த அணிக்கு ஆடினார் என்பதைப் பார்த்து வடிகட்டுங்கள். பாண்டிங்கின் 30 சதங்கள் அப்போதுதான் ஆஸ்திரேலியாவுக்கு 29 ஆகும். குறையும் ஒன்று சுனாமி ஆட்டத்தில் உலக லெவன் கேப்டனாக அவர் அடித்த 115. முரளிதரனின் 534 விக்கெட்டில் இலங்கைக்கு 523. அவர் ஜனவரியில் ஆசிய லெவன், அக்டோபரில் உலக லெவன்!

அந்தஸ்தே கொடுத்திருக்க வேண்டாம் என்பது பலர் கட்சி. ஆப்பிரிக்க–ஆசியக் கோப்பையைப் பொறுத்தவரை எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் கொடுத்ததைப் பிடுங்குவது அதைவிட மோசம். 1970இல் சோபர்ஸ் தலைமையில் உலக அணி இங்கிலாந்தில் ஆடிய ஐந்து ஆட்டங்களை டெஸ்ட் என்று சொல்லி ஆடவைத்துவிட்டுப் பிறகு இல்லை என்றார்கள். கிளாமோர்கன் கவுண்டி அணியின் ஆலன் ஜோன்ஸ் இங்கிலாந்துக்கு ஆடியது அந்தத் தொடரில் ஒரே ஒரு ஆட்டம். இங்கிலாந்து டெஸ்ட் ஆட்டக்காரர் என்ற 696ஆம் எண் தொப்பி அவர் கைக்கு வர 2020 ஆயிற்று.

அடுத்த முறை கேள்வியை இப்படி வையுங்கள்: 'ஒருநாள் போட்டிகளில் ஷான் பொல்லாக்கின் சதங்கள் எத்தனை, தென்னாப்பிரிக்காவுக்காக எத்தனை?' விடை ஒன்று, பூஜ்ஜியம். 2007 ஜூன் 6இல் பெங்களூரில் ஆப்பிரிக்க லெவனுக்காக ஏழாவதாக இறங்கி அடித்த 130தான் அவருடைய ஒரே சதம். தென்னாப்பிரிக்காவுக்கு அவர் எடுத்த அதிகபட்சம் 90. அந்த 130ஐத்தான் நான்கே நாளில் தோனி அதே ஏழாம் இடத்திலிருந்து தாண்டினார்.

அந்த மாணவருக்கு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்.