2011 NBA கூடைப்பந்து இறுதிச்சுற்றில் நட்சத்திரங்கள் நிறைந்த மயாமி ஹீட்டை டல்லாஸ் மேவரிக்ஸ் எப்படி வென்றது?

டல்லாஸின் நட்சத்திர வீரர் நோவிட்ஸ்கி ஒருவரால் மட்டும் வந்த கோப்பை இல்லை இது. 57-25 என லீக் சுற்றை முடித்த டல்லாஸுக்கு, அந்த சீசனுக்கு முன் வந்த டைசன் சாண்ட்லர்தான் தடுப்பாட்டத்தின் தூண். அவரைக் கூடையருகே வைத்து டல்லாஸ் அடிக்கடி ஜோன் டிஃபென்ஸ் (ஆளுக்கு ஆள் மறிக்காமல், ஆளுக்கொரு பகுதியைக் காப்பது) ஆடியது. மயாமியின் லெப்ரான், வேட் இருவருக்கும் உள்ளே புகும் வழி குறுகியது. ஆனால் எதிரணி வீரர் யாரையும் மறிக்காமல் பெயின்ட் பகுதியில் (கூடைக்கு முன்னுள்ள செவ்வகம்) மூன்று விநாடி நின்றால் தவறு. எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காத எறிதல்) போகும். அதனால் சாண்ட்லர் நேரம் பார்த்து வெளியேறி உள்ளே வரவேண்டும்.

இறுதிச்சுற்றில் 1-2 எனப் பின்தங்கியதும், பயிற்சியாளர் கார்லைல் நான்காவது ஆட்டத்தில் ஸ்டீவன்சனுக்குப் பதில் குள்ளமான பரேயாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார். என் கணிப்பில் திருப்புமுனை இதுதான். நோவிட்ஸ்கி ஸ்கிரீன் போட (தடுப்பவரின் வழியில் உடலைக் குறுக்கே நிறுத்த), பரேயா பந்தோடு பாய்வார். அவரை இருவர் மறித்தால் நோவிட்ஸ்கி தனியாக நிற்பார், மறிக்காவிட்டால் கூடையருகே போய்ப் பந்தைப் போடும் லேஅப். அந்த ஆட்டத்தில் டல்லாஸுக்கு 86-83 வெற்றி. ஐந்தாவதிலும் வெற்றி, டல்லாஸின் 19 மூன்று-புள்ளி எறிதல்களில் 13 விழுந்தன. ஆறாவதில் 105-95, கோப்பை டல்லாஸுக்கு.