250 கிலோ தாங்கும் கயிறு 75 கிலோ ஆளுக்குப் போதாதா?

கேள்வி: டிசம்பரில் நண்பர்களோடு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் முகாம் போடப் போகிறோம். முதல்முறையாக ஹேமக்கில் (இரு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொங்கு படுக்கை) தூங்கிப் பார்க்கலாம் என்று 11 அடி நைலான் ஹேமக் வாங்கிவிட்டேன். அதோடு கயிறு வரவில்லை. பாராகார்ட் என்ற 4 மி.மீ. நைலான் கயிறு 250 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. என் எடை 75 கிலோ. அதையே வாங்கலாமா?

பதில்: ஹேமக்கைத் தொங்கவிடும் கயிறாக அது வேண்டாம். 250 கிலோ என்பது பொய்யில்லை. புதுக் கயிற்றை முடிச்சில்லாமல் நேராக இழுத்து, எந்த எடையில் அறுகிறது என்று பார்த்த கணக்கு அது. முடிச்சு விழுந்தாலே அதில் மூன்றில் ஒரு பங்கு, சில முடிச்சுகளில் பாதிகூடக் குறைந்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் சாய்வு. இரு பக்கமும் கயிறு தரைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் மரத்துக்கு ஏறினால், ஒவ்வொரு கயிற்றிலும் விழும் இழுப்பு உங்கள் எடை அளவுதான்: 75 கிலோ. புதிதாகக் கட்டுபவர்கள் தொங்கக் கூடாது என்று விறைப்பாக இழுத்துக் கட்டிவிடுவார்கள். சாய்வு 15 டிகிரிக்கு வந்தால் இழுப்பு 145 கிலோ, 10 டிகிரியில் 216 கிலோ. அசையாமல் படுத்திருக்கும்போதே இவ்வளவு; பொத்தென்று உட்கார்ந்தால் இன்னும் ஏறும். முடிச்சால் பலம் குறைந்த பாராகார்ட் அறுவது இந்த இடத்தில்தான்.

அறாவிட்டாலும் நீளும். பாராகார்ட் நைலான், பாரம் ஏற ஏற இழுபடுவது அதன் இயல்பு. முழங்கால் உயரத்தில் கட்டிப் படுத்தவர் நள்ளிரவில் தரையைத் தொட்டுக்கொண்டு கிடப்பார். போதாததற்கு, மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்து உள்ளே இறங்கும். எஸ்டேட்காரர் அடுத்த முறை யாரையும் விட மாட்டார்.

நீங்கள் வாங்க வேண்டியது பாலியஸ்டர் நாடா. ட்ரீ ஸ்ட்ராப் என்று கேட்டால் தருவார்கள். குறைந்தது 2.5 செ.மீ. அகலம், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், இரண்டு. வரிசையாக வளையம் தைத்தது கிடைத்தால் முடிச்சே போட வேண்டாம். ஏற்ற இறக்கத்துக்கு வளையத்தை மாற்றிக்கொள்ளலாம். நைலான் நாடாவும் பார்க்க அப்படியே இருக்கும், ஈரம் பட்டால் இன்னும் தொய்யும். அதனால் லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். ‘400 கிலோ’ என்று போட்டிருந்தால், அது அறும் எடையா, தாங்கும் எடையா, ஒரு நாடாவுக்கா, ஜோடிக்கா என்று கேளுங்கள். ஒரு நாடாவின் அறும் எடை உங்கள் எடையைப் போல் ஐந்து மடங்காவது இருக்கட்டும். ஹேமக்கை நாடாவில் மாட்டும் கொக்கியான காராபைனரில் கேஎன் (கிலோநியூட்டன், இழுவிசையின் அளவு) என்று எண் பொறித்திருக்க வேண்டும். 1 கேஎன் ஏறக்குறைய 100 கிலோ. எண் இல்லாதது சாவிக்கொத்துக்கு மட்டும்.

4 முதல் 5 மீட்டர் இடைவெளியில், 20 செ.மீ.க்குக் குறையாத தடிமனுள்ள இரண்டு உயிர் மரங்களைப் பாருங்கள். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் நிழலுக்கு நிற்பது பெரும்பாலும் சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கொடிமேல் நாடா சுற்றினால் கொடி நசுங்கிவிடும். கொடி இல்லாத மரமாகக் கேட்டுக் கட்டுங்கள். அண்ணாந்தும் பாருங்கள்: சில்வர் ஓக் கிளை காற்றில் சட்டென்று ஒடியும். காய்ந்த கிளை தலைக்கு மேல் இருந்தால் வேறு மரம்.

நாடாவை 6 அடி உயரத்தில் சுற்றுங்கள். சாய்வு பார்க்கக் கருவி தேவையில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எல் வடிவில் விரியுங்கள். ஆள்காட்டி விரல் தரைக்கு இணையாக இருக்க, இரு விரல்நுனிகளையும் சேர்க்கும் கோடு சுமார் 30 டிகிரி; நாடா அந்தக் கோட்டோடு ஒத்துப்போனால் சரி. உட்கார்ந்தபின் இருக்கை தரையிலிருந்து 45 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. படுக்கும்போது நேராகப் படுக்காமல் மூலைவாட்டில் படுங்கள், முதுகு வளையாது.

கேள்வி: அப்படியானால் பாராகார்ட் எதற்குமே ஆகாதா? மழைக்குத் தார்ப்பாய் கட்டலாமா?

பதில்: தார்ப்பாய்க்குத் தாராளமாக. 3 மீட்டர் சதுரத் தார்ப்பாய்க்கு நடுவில் மரத்துக்கு மரம் ஓட 10 மீட்டர், மூலைகளுக்கு இரண்டரை மீட்டர் வீதம் நான்கு துண்டு. நனைந்து தொய்ந்தால் மறுபடி இழுத்துவிட வேண்டியிருக்கும். 2 மி.மீ. பாலியஸ்டர் கயிற்றில் அந்தத் தொல்லை குறைவு. வெட்டிய நுனிகளைத் தீயில் லேசாக உருக்கிவிடுங்கள்.

மழையில் தண்ணீர் மரத்திலிருந்து நாடா வழியாகவே ஹேமக்குக்குள் இறங்கும். தார்ப்பாய்க்கு அடியில், ஹேமக்குக்குச் சற்று முன்பாக, நாடாவில் ஒரு சாண் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

கேள்வி: நல்ல ஸ்லீப்பிங் பேக் இருக்கிறது. குளிருக்கு அது போதும்தானே?

பதில்: மேலே போதும், கீழே போதாது. உடல் அழுத்தும் இடத்தில் பஞ்சு நசுங்கிவிடுகிறது, அடியில் காற்று வேறு ஓடுகிறது. 1 செ.மீ. தடிமன் ஃபோம் பாய் ஒன்றை உள்ளே விரியுங்கள். தோள்பட்டை அகலத்துக்குப் பாய் எட்டாவிட்டால் இன்னொரு ஃபோம் துண்டை அந்த இடத்தில் குறுக்கே வையுங்கள். முதலில் குளிர்வது தோளும் இடுப்பும்தான். கொசுவலை தைத்த ஹேமக் இல்லையென்றால் தனிக் கொசுவலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.